கம்பம் பள்ளத்தாக்கு கைமாறிய போர்: அதை வரைந்த ராபர்ட் ஹோம் யார்?

தேனி, கம்பம், போடி பக்கம் இருக்கிறவங்க ஒரு ஓவியத்தை அவசியம் பார்க்கணும். திப்பு சுல்தானின் இரண்டு சின்னப் பையன்களை, கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் பிணையாக ஏற்றுக்கொள்ளும் காட்சி. நடந்தது 1792 பிப்ரவரியில், ஸ்ரீரங்கப்பட்டணத்தில்.

அதுக்கும் நம்ம ஊருக்கும் என்ன சம்பந்தம்? மூன்றாம் மைசூர் போரில் தோற்ற திப்பு, பாதி நாட்டையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் தர வேண்டி வந்தது. பணம் வந்து சேரும்வரை பிள்ளைகள்தான் ஜாமீன். கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்காக வந்த நிலத்தில் திண்டுக்கல் சீமையும் ஒன்று. இன்றைய தேனி வட்டாரத்தின் போடிநாயக்கனூர், கண்டமனூர் போன்ற பாளையங்கள் அந்தச் சீமையில்தான் இருந்தன.

வரைந்தவர் ராபர்ட் ஹோம். 1752-ல் இங்கிலாந்தின் ஹல் நகரில் பிறந்தவர், ராணுவ மருத்துவரின் மகன். தம்பி எவரார்ட் பெரிய அறுவை சிகிச்சை நிபுணர். அக்கா தங்கைகளில் ஒருவரான ஆனின் கணவர் ஜான் ஹண்டரோ அந்தத் துறையில் இன்னும் பெரிய பெயர். இப்படி ஒரு குடும்பத்தில் இவர் மட்டும் தூரிகையைப் பிடிச்சார். லண்டன், ரோம் என்று படித்துவிட்டு டப்ளினில் முகச்சித்திரங்கள் வரைந்து பிழைத்தார். 1791-ல் மெட்ராஸ் வந்து இறங்கியபோது மைசூர் போர் நடந்துகொண்டிருந்தது. கார்ன்வாலிஸின் படையோடு போக அனுமதி கிடைச்சது.

கேமரா இல்லாத காலம். போர் எப்படி நடந்ததுன்னு லண்டன்காரங்களுக்குக் காட்ட ஓவியர்தான் வேணும். பெங்களூர் முற்றுகையில் கர்னல் மூர்ஹவுஸ் விழுந்ததை ஹோம் பெரிய ஓவியமாக்கினார். சாவனதுர்க்கம் மாதிரியான மலைக்கோட்டைகளையும் வரைந்தார். மைசூர் நிலக்காட்சிகள் 1794-ல் புத்தகமாக வந்தன.

பிணைக்கைதிகள் காட்சியை மாதர் பிரவுன், ஹென்றி சிங்கிள்டன் போன்றவர்களும் வரைந்தார்கள். அவங்க இந்தியாவுக்கே வந்ததில்லை! ஹோம் படையோடு இருந்தவர். தன் ஓவியத்தின் ஓரத்தில் தன்னையும் வரைந்து வைத்தார். அந்தக் காலத்து செல்ஃபின்னு வச்சுக்கலாம்.

ஆனா நேரில் இருந்தவர் என்பதால் நடுநிலையாளர் ஆகிவிட மாட்டார். படத்தில் கார்ன்வாலிஸ் பாசமுள்ள பெரியவர் மாதிரி பையனின் கையைப் பிடிக்கிறார். கடனுக்கு அடகு வைக்கப்பட்ட பிள்ளைகள் என்பது பார்ப்பவருக்கு உறைக்கவே உறைக்காது. கைமாறிய சீமைகளும் அங்கே வாழ்ந்த ஜனங்களும் படத்தில் எங்கேயும் இல்லை. பையன்கள் அப்பாவிடம் திரும்பியது 1794-ல்தான்.

அடுத்த வருஷம் ஹோம் கல்கத்தா போனார். அங்கே ஆசியக் கழகத்தின் செயலாளராகவும் இருந்தார். பின்னாளில் நெப்போலியனை வென்ற ஆர்தர் வெல்லெஸ்லியை வரைந்தார். 1814-ல் லக்னோ நவாப் காஜியுத்தீன் ஹைதரின் அரசவை ஓவியர் வேலை. படம் மட்டும் இல்லை, யானை அம்பாரி, படகு, மேஜை நாற்காலி வரை நவாபுக்கு டிசைன் போட்டுக் கொடுத்தார். கம்பெனிக்காரர்களை வரைந்த அதே கை!

கடைசி வருஷங்கள் கான்பூரில் கழிந்தன. 1834-ல் அங்கேயே இறந்தார். கார்ன்வாலிஸும் பையன்களும் இருக்கும் அந்த ஓவியம் இப்போது லண்டனின் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.