சுத்தியலால் மீன் பிடித்தவர்

வலையும் தூண்டிலும் இல்லாம மீன் பிடித்தவர் ஹியூ மில்லர். 1802-ல் ஸ்காட்லாந்தில் குரோமார்ட்டி என்ற கடற்கரை ஊரில் பிறந்தார். ஐந்து வயதிலேயே அப்பாவைக் கடல் கொண்டுபோய்விட்டது. வாத்தியாரோடு சண்டை போட்டுப் படிப்பை விட்டார் (நாம அப்படிச் செய்யக் கூடாது!). 17 வயதில் கல் கொத்தும் வேலைக்குப் போனார்.

ஊர்க் கரையில் கிடந்த உருண்டைக் கற்களைச் சுத்தியலால் உடைத்தார். உள்ளே செதிலோடு மீன்! கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து கல்லாகிப் போனது. ஒரு மீனுக்கு ரெண்டு பக்கமும் இறக்கை மாதிரி இருந்துச்சு. அகாசி என்ற அறிஞர் அதற்கு மில்லர் பெயரையே சூட்டினார். 1841-ல் வந்த புத்தகத்தால் மில்லர் புகழ் பெற்றார்.

ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சது அவருடைய கூட்டாளி ராபர்ட் டிக். தர்சோ ஊரில் ரொட்டி சுடுபவர். வேலை முடிந்ததும் பல மைல் நடந்து கல் உடைப்பார். கிடைத்த மீன்களைக் காசு வாங்காமலே மில்லருக்கு அனுப்பினார். அவற்றைப் பார்த்து மில்லர் தான் முன்பு எழுதியதையே மாற்றிக்கொண்டார். பிறகு எழுதிய புத்தகத்தில் டிக்கின் உதவியையும் சொல்லியிருக்கிறார். நாம குரூப்பா சார்ட் செய்துட்டு ஒருத்தர் பெயரை மட்டும் எழுதுவோமே, அது ஞாபகம் வந்தது.

1856-ல் மில்லர் இறந்தார். பிறகு டிக்குக்கு மாவு ஏற்றி வந்த கப்பல் உடைந்து கடனாயிற்று. சேர்த்த கற்களையெல்லாம் விற்றுவிட்டார். அதைப் படிச்சப்போ எனக்கு அழுகையா வந்துச்சு.