புளோரன்ஸ் பாஸ்கம்

புளோரன்ஸ் பாஸ்கம் (ஜூலை 14, 1862 – ஜூன் 18, 1945) அமெரிக்க நிலவியலாளரும் பேராசிரியரும் ஆவார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் (1893) இவரே. ஐக்கிய அமெரிக்க நிலவியல் அளவைத் துறையில் நிலவியலாளராகப் பணியமர்த்தப்பட்ட முதல் பெண்ணும் (1896) இவரே. பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள பிரின் மார் மகளிர் கல்லூரியில் நிலவியல் துறையை உருவாக்கி, அதனைப் பெண்கள் முழுமையான பட்டப்படிப்பாகக் கற்க வழிசெய்தார்.

அமெரிக்காவில் நிலவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் என்று இவரைச் சிலவிடங்களில் குறிப்பிடுவதுண்டு. அது சரியன்று. மேரி ஹோம்ஸ் என்பவர் 1888 ஆம் ஆண்டிலேயே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அப்பட்டத்தைப் பெற்றுவிட்டார்.

இளமை

பாஸ்கம் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் வில்லியம்ஸ்டவுன் நகரில் பிறந்தார். தந்தை ஜான் பாஸ்கம் வில்லியம்ஸ் கல்லூரிப் பேராசிரியர். தாயார் எம்மா கர்ட்டிஸ் பாஸ்கம் பெண்களின் வாக்குரிமைக்காகப் பாடுபட்டவர். 1874 இல் தந்தை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் தலைவராகப் பொறுப்பேற்றதால் குடும்பம் மாடிசன் நகருக்குக் குடிபெயர்ந்தது. தந்தையும் அவருடைய நண்பரான நிலவியல் பேராசிரியர் எட்வர்ட் ஆர்ட்டனும் சென்ற ஒரு பயணத்தில் உடன் சென்றபோதே இவருக்கு நிலத்தோற்றங்களின் மீது ஆர்வம் உண்டானதாகக் கூறப்படுகிறது.

பட்டப்படிப்பு

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து பயில்வதை ஜான் பாஸ்கம் ஆதரித்தார். எனினும் நூலகத்தையும் உடற்பயிற்சிக் கூடத்தையும் பயன்படுத்துவதில் பெண்களுக்குக் கட்டுப்பாடுகள் இருந்தன. தலைவரின் மகளுக்கும் இவற்றிலிருந்து விலக்கில்லை. அங்கு இவர் 1882 இல் கலை, இலக்கியம் ஆகிய இரண்டிலும் இளநிலைப் பட்டங்களைப் பெற்றார். அறிவியல் இளநிலைப் பட்டம் 1884 இலும், முதுநிலைப் பட்டம் 1887 இலும் கிடைத்தன. ரோலண்ட் இர்விங், சார்ல்ஸ் வான் ஹைஸ் ஆகியோர் இவருடைய ஆசிரியர்கள்.

பாறைகளை நுண்ணோக்கியால் ஆராயும் முறை அக்காலத்தில் அமெரிக்காவுக்குப் புதியது. பாறைத் துண்டு ஒன்றை ஒளி ஊடுருவும் அளவுக்கு, ஏறத்தாழ 0.03 மில்லிமீட்டர் தடிப்புள்ள சீவலாகத் தேய்த்து, முனைவாக்கப்பட்ட ஒளியில் பார்க்கும்போது ஒவ்வொரு கனிமமும் தனக்கேயுரிய நிறத்தையும் அமைப்பையும் காட்டும். வெறுங்கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் இரு பாறைகள் வெவ்வேறு வழிகளில் உருவானவை என்பதை இவ்வாறு அறிய இயலும். இம்முறையை ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் ரோசன்புஷ் என்பவரிடம் கற்றுத் திரும்பியிருந்த ஜார்ஜ் ஹண்டிங்டன் வில்லியம்ஸ், பால்ட்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்து வந்தார். அவரிடம் பயில்வதே பாஸ்கமின் நோக்கம்.

அப்பல்கலைக்கழகம் அப்போது பெண்களை மாணவர்களாகச் சேர்ப்பதில்லை. கிறிஸ்டின் லாட்-பிராங்கிளின் என்ற கணிதவியலாளர் 1882 ஆம் ஆண்டிலேயே அங்கு முனைவர் பட்டத்துக்குரிய பணிகள் அனைத்தையும் முடித்திருந்தும், அவருக்குப் பட்டம் மறுக்கப்பட்டது. 1926 இல்தான் அது வழங்கப்பட்டது. இத்தகைய இடத்தில் 1891 இல் தனி அனுமதியின்பேரில் பாஸ்கம் வகுப்புகளுக்குச் சென்றார். வகுப்பறையில் ஒரு மறைப்புத் தட்டிக்குப் பின்னால் அவர் அமர வேண்டியிருந்தது. ஆண் மாணவர்களின் கவனம் சிதறக்கூடாது என்பது இதற்குக் கூறப்பட்ட காரணம். பட்டம் கிடைக்கும் என்ற உறுதியும் தொடக்கத்தில் இல்லை. பின்னரே முறைப்படி விண்ணப்பித்து ஏற்பைப் பெற்றார்.

பென்சில்வேனியாவின் சவுத் மவுண்டன் மலைப்பகுதியே இவரது ஆய்வுக்களம். அங்குள்ள சில பாறைகளை அதுவரை படிவுப் பாறைகள் என்று கருதி வந்தனர். அவை மிகப் பழங்கால எரிமலைக் குழம்பு உறைந்து, பின்னர் உருமாற்றம் அடைந்தவை என்பதைப் பாஸ்கம் நிறுவினார். எரிமலைக் கண்ணாடி நீண்ட காலத்தில் படிகமாகிவிட்ட போதிலும், குழம்பு ஓடிய தடயங்கள் நுண்ணோக்கியின் கீழ்த் தெளிவாகத் தெரிந்தன. இவ்வாறு மாறிய ரயோலைட்டுப் பாறைக்கு அப்போரயோலைட்டு என்ற பெயரையும் இவரே அமைத்தார். 1893 இல் பட்டம் வழங்கப்பட்டது. ஆய்வின் முடிவுகளை அளவைத் துறை 1896 இல் நூலாக வெளியிட்டது. ஆசிரியர் வில்லியம்ஸ் அதைக் காணவில்லை. அவர் 1894 இல் தமது 38 ஆம் வயதில் குடற்காய்ச்சலால் இறந்துவிட்டார்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் பட்டமேற்படிப்பில் பெண்களைப் பொதுவாகச் சேர்க்கத் தொடங்கியது 1907 இல்தான்.

பிரின் மார் கல்லூரி

ஆர்ட்டன் பணியாற்றிய ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டுகள் கற்பித்தபின், 1895 இல் பாஸ்கம் பிலடெல்பியா அருகிலுள்ள பிரின் மார் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு நிலவியலுக்கெனத் துறை இல்லை. வேதியியல், உயிரியல் போன்றவற்றுக்குத் துணையாகவே கல்லூரி அதனைக் கருதியது. பொருட்கள் வைப்பதற்கான இடமே இவருக்கு ஒதுக்கப்பட்டது. பாறைகள், கனிமங்கள், புதைபடிவங்கள் ஆகியவற்றைச் சேகரித்து, ஆய்வகம் ஒன்றைப் படிப்படியாக அமைத்தார்.

1899 இல் கல்லூரித் தலைவர் கேரி தாமஸ் நிலவியலை விருப்பப் பாடமாகக் குறைக்க முனைந்தார். அவ்வாறு நடந்திருந்தால் மாணவியர் அதனை முதன்மைப் பாடமாகக் கொண்டு பட்டம் பெற்றிருக்க இயலாது. பாஸ்கம் பதவி விலக முன்வந்தார். இறுதியில் அறங்காவலர்கள் நிலவியலை முதன்மைப் பாடமாகவே தொடரச் செய்தனர். பெண்கல்விக்காகப் பெரிதும் உழைத்த தாமஸ் இவ்விடயத்தில் எதிர்ப்பக்கம் நின்றது வியப்புக்குரியது.

பாஸ்கமின் பயிற்சி கடுமையானது. நுண்ணோக்கி வேலையும் களப்பயிற்சியும் ஒன்றையொன்று விட்டு நிற்க முடியாதவை என்பது அவர் கொள்கை. 1906 இல் முழுநிலைப் பேராசிரியரானார். அதே ஆண்டு வெளிவந்த அமெரிக்க அறிவியலாளர் விவரத்திரட்டின் முதற் பதிப்பு, நாட்டின் தலைசிறந்த நிலவியலாளர் நூறு பேரில் ஒருவராக இவரைக் குறித்தது. ஆண்களின் பெயரிலேயே அத்திரட்டு தலைப்பிடப்பட்டிருந்தது. 1906–07 இல் ஹைடல்பெர்க் சென்று விக்டர் கோல்ட்ஷ்மிட் என்பவரிடம் படிகவியல் பயின்றார். அப்போது இவர் தமது நாற்பதுகளில் இருந்தார்.

மாணவியர்

ஐடா ஓகில்வி நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியில் நிலவியல் துறையை நிறுவினார். ஜூலியா கார்ட்னர் பாஸ்கமிடம் பயின்று, 1911 இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலேயே முனைவர் பட்டம் பெற்றுத் தொல்லுயிரியலாளரானார். எலினோரா பிளிஸ் நாஃப், அன்னா ஜோனஸ் ஸ்டோஸ் ஆகியோர் அளவைத் துறையில் புகழ்பெற்றனர். இவ்விருவரும் பென்சில்வேனியாவின் விசாகிக்கன் பாறைகளின் வயது குறித்துத் தம் ஆசிரியரின் கருத்தையே மறுத்தனர். இக்கருத்து வேறுபாடு நெடுங்காலம் நீடித்தது.

கள ஆய்வு

பென்சில்வேனியா, மேரிலாந்து, டெலவெயர், நியூ ஜெர்சி மாநிலங்களில் அப்பலாச்சிய மலைகளின் அடிவாரப் பகுதி இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கோடையில் களத்தில் நிலவரைபடம் தயாரிப்பதும் குளிர்காலத்தில் பாறைச் சீவல்களை ஆராய்வதும் வழக்கம். பிலடெல்பியா, டிரென்டன் (1909), எல்க்டன்-வில்மிங்டன் (1920) முதலிய வரைபடத் தொகுதிகளில் இவரது பங்கு பெரிது.

இறுதிக் காலம்

1924 இல் அமெரிக்க நிலவியல் கழகத்தின் ஆட்சிக்குழுவிலும் 1930 இல் அதன் துணைத்தலைவர் பதவியிலும் அமர்ந்தார். இரண்டிலும் இவரே முதல் பெண். 1928 இல் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும் அளவைத் துறைக்கான பணிகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்தார். இவர் மணம் புரியவில்லை. 1945 இல் தமது 82 ஆம் வயதில் காலமானார். உடல் வில்லியம்ஸ்டவுனில், வில்லியம்ஸ் கல்லூரியின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. வெள்ளிக் கோளிலுள்ள ஒரு கிண்ணக்குழிக்கும், 6084 என்ற எண்ணுடைய சிறுகோளுக்கும் பாஸ்கம் என்று பெயரிடப்பட்டுள்ளது.