அம்மை நோயை ஆராய்ந்த ஹகீம் அர்-ராஸீ

அம்மை கண்டு எழுந்த குழந்தையைப் பார்த்து, இனி இதற்கு இந்நோய் வாராது என்று வீட்டுப் பெரியவர்கள் ஆறுதல் கொள்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஏன் வாராது என்று நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஏறத்தாழ 1100 ஆண்டுகளுக்கு முன்னர் அக்கேள்விக்கு விடை தேடி நூல் எழுதியவர், ஹகீம் அபூபக்ர் முகம்மது இப்னு ஸகரிய்யா அர்-ராஸீ ஆவார்.

இன்றைய தெஹ்ரானுக்கு அருகிலுள்ள ரை என்னும் பழம்பதியில் கி.பி. 865இல் (ஹிஜ்ரி 251) அவர் பிறந்தார். முதலில் இரசவாதத்தில் ஈடுபட்டிருந்து, பின்னரே மருத்துவத்தின்பால் திரும்பினார். பிறந்த ஊரிலும் பின்னர் பகுதாதிலும் மருத்துவமனைத் தலைவராகத் திகழ்ந்தார். மருத்துவரை நாட வழியற்ற எளியோர்க்கென்றே தனி நூல் ஒன்றும் இயற்றினார்.

பகுதாதில் இறைச்சித் துண்டுகளைப் பல இடங்களில் தொங்கவிட்டு, அவை மெதுவாக அழுகிய இடத்தை மருத்துவமனைக்குத் தேர்ந்தார் என்றொரு கதை உண்டு. இதைக் கொண்டு அவர் கிருமிகளை அறிந்திருந்தார் என்பாரும் உளர். அது மிகை. கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களைப் பற்றி அவர் அறிந்திருக்கவில்லை. அவருடைய பெருமைக்கு அத்தகைய புனைவு தேவையுமில்லை.

அவருடைய 'கிதாபுல் ஜுதரீ வல் ஹஸ்பா' என்னும் நூலைப் பாருங்கள். ஜுதரீ என்பது பெரியம்மை. ஹஸ்பா என்பது தட்டம்மை. காய்ச்சலும் தோல் தடிப்புமாக வரும் இவ்விரண்டையும் அவர் அருகிருந்து பார்த்துப் பிரித்துக் காட்டினார். முதுகுவலி பெரியம்மையில் மிகுதி. குமட்டலும் மனக்கலக்கமும் தட்டம்மையில் மிகுதி. பெரியம்மையால் பார்வை இழந்தோர் பலராதலின், கண்ணைக் காக்கும் முறைகளையும் விரிவாக எழுதினார்.

ஒருமுறை கண்டவர்க்கு மறுமுறை ஏன் வருவதில்லை? குழந்தையின் குருதி புதிதாய்ப் பிழிந்த திராட்சைச் சாற்றைப் போன்றது, அது ஒருமுறை கொதித்து நொதித்துத் தெளிகிறது, அக்கொதிப்பே அம்மை, தெளிந்த சாறு மீண்டும் நொதிப்பதில்லை என்பது அவர் கண்ட விடை. நோய் உடலுக்குள்ளேயே பிறக்கிறது என அவர் கருதியது பிழை. ஆனால் நோய் நீங்கிய உடல் பழைய உடலன்று, அதனுள் ஏதோ மாறிவிட்டது என்று அவர் கண்டது பிழையன்று.

இன்று நாம் அறிவது இது: பெரியம்மை வைரஸ் பிறருடைய மூச்சு வழியே உட்புகும். ஏறத்தாழ 12 நாட்கள் அரவமின்றிப் பெருகி, குருதியில் பரவித் தோலை அடையும். உடலும் வாளாவிருப்பதில்லை. வெள்ளணுக்களுள் ஒருவகை, வைரஸ் குடிபுகுந்த உயிரணுக்களை அழிக்கும். மற்றொரு வகை, வைரஸைப் பற்றி முடக்கும் எதிர்ப்பொருளைச் சுரக்கும். போர் முடிந்த பின்னும் அப்பகைவனை அடையாளம் அறிந்த சில அணுக்கள் நெடுங்காலம் காவல் நிற்கும். அர்-ராஸீ தேடிய மாற்றம் அதுவே. அம்மை குத்துதலும் இந்நினைவை எழுப்பும் ஏற்பாடே. அதன் பயனாக 1980இல் பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

தட்டம்மையோ இன்னும் ஒழியவில்லை. அது வேறு நோய்களைப் பற்றி உடல் சேமித்து வைத்த நினைவையும் அழித்துவிடுவதாக 2019இல் வெளியான ஆய்வுகள் காட்டின. ஆதலால் தட்டம்மைதானே என்று தடுப்பூசியைத் தள்ளிப் போடும் பெற்றோர் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இறுதி நாட்களில் அர்-ராஸீ பார்வையை இழந்தார். சிகிச்சை செய்ய வந்தவரிடம் கண்ணின் படலங்கள் எத்தனை என்று அவர் வினவினாராம். வந்தவர் விடை அறியாததால் சிகிச்சையை மறுத்தார் என்பர். கி.பி. 925இல் ரை நகரிலேயே அவர் மறைந்தார். அவருடைய நூல்களைத் தேடித் தொகுத்த அல்-பிரூனீயின் பட்டியலில் 184 பெயர்கள் உள்ளன.