மாக்ஸ் பார்னுக்காக ராமன் கேட்ட நாற்காலி

ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-ம் ஆண்டில்தான் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார் சர் சி.வி. ராமன். திருச்சியில் பிறந்து, 1930-ல் நோபல் பரிசு பெற்ற அவரே அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர்.

அதே ஆண்டு ஏப்ரலில் யூதர்களை அரசுப் பணிகளிலிருந்து அகற்றும் சட்டம் ஜெர்மனியில் பிறப்பிக்கப்பட்டது. குவாண்டம் இயக்கவியலுக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவரான மாக்ஸ் பார்ன், கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பதவியை இழந்து இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்தார். கேம்பிரிட்ஜில் கிடைத்ததோ தற்காலிகப் பணி.

ஐரோப்பா துரத்தும் அறிஞர்களைப் பெங்களூருக்கு அழைத்தால் இந்திய மாணவர்கள் கடல் கடக்காமலேயே உயர் இயற்பியல் கற்கலாம் என்பது ராமனின் கணக்கு. இரக்கம் மட்டுமல்ல, நாட்டு நலனும் அதில் இருந்தது. ராமனின் அழைப்பை ஏற்று 1935 இறுதியில் மனைவி ஹெட்விக்குடன் பெங்களூர் வந்த பார்ன், ஆறு மாதம் பணியாற்றினார். நாகேந்திர நாத் என்னும் இளம் ஆய்வாளருடன் இணைந்து கட்டுரைகளும் எழுதினார்.

அவருக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி வழங்க வேண்டும் என்று கழகக் கூட்டத்தில் ராமன் முன்மொழிந்தார். பார்னும் அங்கிருந்தார். ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவர் எழுந்து, சொந்த நாடே விரட்டிவிட்ட இரண்டாந்தர அந்நியர் இக்கழகத்துக்குத் தகுதியற்றவர் என்ற பொருள்பட எதிர்த்தார். கடல் கடந்து வந்து வேலை பார்த்தவர் இன்னொருவரை அந்நியர் என்றதுதான் விந்தை. மனமுடைந்த பார்ன், வீடு திரும்பி மனைவியிடம் அழுதார்.

பதவி கிடைக்கவில்லை. குழுக்களை அரவணைத்துச் செல்லும் பொறுமை ராமனுக்கு என்றுமே இருந்ததில்லை. அக்குறையும் இதில் சேர்ந்துகொண்டது. இயற்பியல் துறைக்கே நிதியைத் திருப்புகிறார் என்ற புகார் வலுத்து, விசாரணைக் குழு அமைந்தது. 1937-ல் இயக்குநர் பதவியைத் துறந்த ராமன், 1948 வரை பேராசிரியராக மட்டுமே நீடித்தார்.

பார்னுக்கு 1936-ல் எடின்பரோ பல்கலைக்கழகம் இடமளித்தது. ஐரோப்பாவில் போர் மூள்வதற்கு முதல் நாள், 1939 ஆகஸ்ட் 31-ல், பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்தது. போர்க் காலம் முழுவதும் அங்கேயே கற்பித்தார்.

பின்னாளில் படிக அணுக்களின் அதிர்வு குறித்து இருவரும் கடுமையாக மோதிக்கொண்டனர். தான் பதவி தேடித்தர முனைந்தவரின் கொள்கையையே ராமன் ஏற்க மறுத்தார். அறிவியல் உலகம் பார்னின் பக்கம் நின்றது.