விபுலானந்தர் என்னும் விஞ்ஞான ஆசிரியர்

உன்னிச்சைக் குளத்து நீரைப் பகிர்ந்து பருகும் தமிழரும் முஸ்லிம்களுமாகிய நாம், சுவாமி விபுலானந்தரைத் துறவியாகவும் தமிழறிஞராகவுமே நினைவுகூர்கின்றோம். 1892 இல் காரைதீவிற் பிறந்த அவர் விஞ்ஞான ஆசிரியர் என்பதை மறந்துவிட்டோம்.

1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார். 1917 இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் போதித்தார். 1924 இல் துறவு பூண்ட பின்னரும் ஆராயும் மனம் ஓயவில்லை. 1936 இல் சென்னையில் அறிவியற் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். வழக்கொழிந்த யாழின் சுரங்களைக் கணிதங்கொண்டு ஆராய்ந்த 'யாழ் நூல்' 1947 ஜூனில் அரங்கேறியது. ஜூலை 19 இல் மறைந்தார்.

விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்கும் பிள்ளைகள், எச்சமூகத்தவராயினும், அத்துறவிக்குப் பேரப்பிள்ளைகளே. கேள்வி கேட்கும் பிள்ளையை அதட்டாதிருப்பதே அப்பாட்டனாருக்கு நாம் செய்யும் கைம்மாறு.