யார் இந்த எர்லாங்? வீடியோ மீட்டிங் திணறாமல் ஓட 100 ஆண்டுக்கு முன்பே கணக்கு போட்டவர்

அலுவலக வீடியோ மீட்டிங்கில் பேசுபவரின் முகம் அப்படியே உறைந்து நிற்கும், குரல் விட்டு விட்டு வரும். பக்கத்து அறையில் யாரோ பெரிய ஃபைலை டவுன்லோட் செய்துகொண்டிருப்பார். லைன் ஒன்று, கேட்பவர்கள் பலர். இந்தக் காத்திருப்பைக் கணக்குக்குள் கொண்டுவந்தவர் ஆக்னர் கிராரப் எர்லாங்.

பள்ளி ஆசிரியரின் மகன்

டென்மார்க்கின் லோன்போர்க் கிராமத்தில் 1878 ஜனவரி 1-ல் பிறந்தார். அப்பா பள்ளி ஆசிரியர். 14 வயதிலேயே பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தேறினார். 1901-ல் கோபன்ஹேகனில் கணிதப் பட்டம் பெற்று, சில ஆண்டுகள் பள்ளிகளில் பாடம் நடத்தினார். கணிதச் சங்கத்தில் பழக்கமான யோஹான் யென்சன், கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியின் தலைமைப் பொறியாளர். அவர் மூலம் 1908-ல் எர்லாங் அங்கே வேலைக்குச் சேர்ந்தார்.

எத்தனை லைன் போதும்?

கம்பெனிக்கு ஒரே தலைவலி. லைன் அதிகம் போட்டால் பணம் வீண், குறைத்தால் வாடிக்கையாளருக்கு லைன் கிடைக்காது. யார் எப்போது அழைப்பார் என்று யாருக்குத் தெரியும்? தாறுமாறாக வரும் அழைப்புகளுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்று 1909-ல் எர்லாங் காட்டினார். 1917-ல் அதற்கான சூத்திரங்களை வெளியிட்டார்.

சராசரியாக 10 லைன் அளவுக்கு அழைப்பு வருகிறது என்று வையுங்கள். 10 லைன் மட்டும் போட்டால் ஐந்தில் ஓர் அழைப்புக்கு மேல் திரும்பிப் போகும். 18 லைன் போட்டால் நூறில் ஒன்றுகூடத் திரும்பாது. பிரிட்டிஷ் தபால் துறையும் இந்தச் சூத்திரத்தை ஏற்றது.

மேசையோடு அவர் நிற்கவில்லை. கேபிளில் கசியும் மின்சாரத்தை அளக்க, ஏணி தூக்கும் ஆளோடு போய் மேன்ஹோலுக்குள்ளும் இறங்கினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1929 பிப்ரவரி 3-ல், 51 வயதில் காலமானார். 1946-ல் தொலைபேசிப் போக்குவரத்தை அளக்கும் அலகுக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. ஒரு லைன் ஒரு மணி நேரம் முழுக்க பிஸியாக இருந்தால் அது 1 எர்லாங்.

வீடியோவுக்கு என்ன சம்பந்தம்?

லைன் நிரம்ப நிரம்ப காத்திருப்பு சீராகக் கூடாது, எகிறும். எளிய ஒற்றை வரிசையில், பாதி நிரம்பியபோது இருப்பதைப் போல 9 மடங்கு காத்திருப்பு 90 சதவீதத்தில் வந்துவிடும். ஃபைல் டவுன்லோட் கொஞ்சம் தாமதமானால் பரவாயில்லை. பேச்சு 150 மில்லி விநாடிக்குள் போய்ச் சேர்ந்தால்தான் உரையாடல் இயல்பாக இருக்கும். அதனால்தான் வீடியோ கருவிகளின் பாக்கெட்டுகளில் அடையாள எண் போட்டு, ரவுட்டர் அவற்றை முதலில் அனுப்பும்படி செய்கிறார்கள்.

ஆனால் முன்னுரிமை கொடுத்தால் லைன் பெரிதாகிவிடாது, வரிசை மட்டுமே மாறும். எல்லாவற்றுக்கும் முன்னுரிமை கொடுத்தால் பழைய கதைதான். ஒரே நேரத்தில் எத்தனை மீட்டிங் நடக்கும் என்று முதலில் கணக்கு போட வேண்டும். அதற்கு எர்லாங்கின் 1917 சூத்திரம் இன்றும் கைகொடுக்கிறது.