விட்டிலை நோக்கிய பேராதனைப் பெரியார்

மழைக்கால இரவுகளில் நம் புசல்லாவை வீடுகளின் விளக்கை நாடி விட்டில்கள் வந்து மொய்க்கும். நாம் அவற்றை விளக்குமாற்றால் ஒதுக்கிவிடுகின்றோம். அவற்றை இனம் பிரித்தறிய அரும்பாடுபட்ட ஒருவர் நம் கண்டி மாநகரில் வாழ்ந்து மறைந்தார். அவரே ஜோர்ஜ் துவெயிற்ஸ்.

1812-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிற் பிறந்த அவர், முதலிற் கணக்கராகத் தொழில் புரிந்தார். ஓய்வு வேளைகளில் நுணுக்குக்காட்டி கொண்டு நீர்ப்பாசிகளை ஆராய்ந்து அறிஞரிடையே பெயர் பெற்றார். 1849-இல் பேராதனைப் பூங்காவின் தலைமைப் பொறுப்பு அவரை வந்தடைந்தது. ஏறத்தாழ முப்பதாண்டுகள் அப்பணியில் நிலைத்து, இத்தீவின் தாவரங்களைத் தொகுத்துரைக்கும் பெருநூலை 1864-இல் நிறைவேற்றினார்.

சிறியதை உற்று நோக்கும் அக்கண் நாட்டுக்கும் பயன்பட்டது. 1869-இற் காப்பி இலைகளில் நோய் தோன்றியபோது, அதனால் விளையவிருந்த கேட்டை உணர்ந்து எச்சரித்தார். தோட்டத்துரைமார் அதனைப் பொருட்படுத்தவில்லை. காப்பி அழிந்தது, நம் மலைகளில் தேயிலை எழுந்தது.

விட்டில்களையும் வண்ணத்துப்பூச்சிகளையும் அவர் அதே கருத்தோடு சேகரித்தார். பூங்காவின் சிங்கள ஓவியரான அல்விஸ் குடும்பத்தார் அவர் மேற்பார்வையிற் புழு, கூடு, பூச்சி எனப் பருவந்தோறும் அவற்றை வண்ணத்தில் தீட்டினர். இவற்றைத் துணையாகக் கொண்டே இலண்டன் அறிஞர் மூர், 1880 முதல் 1887 வரை மூன்று பெருந்தொகுதிகளை வெளியிட்டார்.

அந்நூலில் 1882-இல் மூர் பெயரிட்ட பெருவிட்டிலொன்று, தப்ரபேன் என்னும் நம் தீவின் பழம்பெயரைத் தாங்கி நிற்கின்றது. செம்பழுப்புச் சிறகுகள், அவை நான்கிலும் ஒளி ஊடுருவும் முக்கோணச் சாளரங்கள், முன்சிறகின் நுனி பாம்பின் தலையை ஒக்கும். வளர்ந்த பூச்சி யாதும் உண்பதில்லை. புழுப்பருவத்தில் உண்டு சேமித்ததைக் கொண்டே சில நாள் வாழ்ந்து, இனத்தைப் பெருக்கி மடியும். தீவின் பெயரைப் பெற்றிருப்பினும் அது தீவுக்கு மட்டும் உரியதன்று. கடலுக்கு அப்பால் தென்னிந்தியாவிலும் வாழ்கின்றது.

அதே 1882-இல் துவெயிற்ஸ் கண்டியிற் காலமானார். பணி ஓய்ந்த பின்னரும் அவர் தாயகம் திரும்பவில்லை. நூல் நிறைவெய்தியதைக் காணவும் அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. நூலின் முகப்பில் மூரின் பெயர் விளங்குகின்றது. பேராதனையில் நோக்கிய கண்ணையும் தீட்டிய கையையும் நம் மாணவர் மறத்தலாகாது. இனி விளக்கருகே ஒரு விட்டில் வந்து அமருமாயின், விளக்குமாற்றை எடுக்குமுன் அதன் சிறகைச் சற்றே உற்று நோக்குக.